கம்பி வழி, கண் வழி

சந்தை முடிந்து இரவில் ஊர் திரும்பும் மாட்டு வண்டியில் வண்டிக்காரர் பாதி வழியிலேயே தூங்கிப்போவது வழக்கம். மாடுகளுக்கு வீடு தெரியும். பள்ளம் கண்டால் விலகும், எதிரே வண்டி வந்தால் ஒதுங்கும், கொட்டில் வந்ததும் நிற்கும். அமெரிக்க நகரங்களில் பால் வண்டி இழுத்த குதிரைகளும் அப்படித்தான் இருந்தன. பால்காரர் புட்டியோடு ஒரு வீட்டுப் படியேறி இறங்குவதற்குள் குதிரை தானாகவே அடுத்த வாசலில் போய் நிற்கும். மோட்டார் வண்டி வந்தபோது குதிரையின் வலுவை மனிதர்கள் இயந்திரத்துக்குக் கொடுத்தார்கள். இன்றும் அதைக் குதிரைத்திறன் என்றுதான் சொல்கிறோம். குதிரையின் கண்ணை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த வேலை முழுவதும் ஸ்டீரிங்கைப் பிடித்தவர் தலையில் விழுந்தது.

ஓட்டுநர் இல்லாத காரின் வரலாறு, அப்படி விட்டுப்போன கண்ணைத் தேடிய வரலாறுதான். அதில் பாதிக் காலம் தேடல் தவறான இடத்தில் நடந்தது.

1925-ஆம் ஆண்டு கோடையில் நியூயார்க்கின் பிராட்வே வழியாக ஒரு சாண்ட்லர் கார் நகர்ந்தது. ஸ்டீரிங்கின் பின்னால் ஆள் இல்லை. 'அமெரிக்க விந்தை' என்று பெயர் சூட்டப்பட்ட அந்த வண்டியை உருவாக்கியவர் ஃபிரான்சிஸ் ஹூடினா என்ற பொறியாளர். காரின் மேல் ஓர் ஏரியல். உள்ளே சிறு மின்மோட்டார்கள். பின்னால் தொடர்ந்து வந்த இன்னொரு காரிலிருந்து வானொலி அலைகள் மூலம் கட்டளைகள் வந்தன. அதாவது ஓட்டுநர் இருக்கத்தான் செய்தார். அடுத்த வண்டிக்கு இடம் மாறி உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். கார் தடுமாறித் தடுமாறிப் போய்க் கடைசியில் படம் பிடிப்பவர்கள் நிறைந்திருந்த ஒரு வண்டியின் மேல் மோதியது. அதே ஆண்டில் மாயவித்தைக்காரர் ஹாரி ஹூடினி, தன் பெயரைத் திருடிவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு ஹூடினாவின் அலுவலகத்துக்குள் புகுந்து நாற்காலிகளை உடைத்த சம்பவமும் நடந்தது. காரைவிட அந்தச் சண்டைதான் பலருக்கு நினைவில் நின்றது.

தேரோட்டம்போல் மக்கள் திரண்டு வந்து பார்த்த கனவு 1939-இல் வந்தது. நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 'ஃபியூச்சராமா' என்ற காட்சியை அமைத்தது. மேடை வடிவமைப்பாளர் நார்மன் பெல் கெடெஸ் அதன் சூத்திரதாரி. நகரும் நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள் கீழே 1960-ஆம் ஆண்டின் அமெரிக்காவை வானிலிருந்து பார்ப்பதுபோல் பார்த்தார்கள். 5 லட்சம் கட்டட மாதிரிகள், 50,000 சிறு கார்கள்; அவற்றில் 10,000 கார்கள் உண்மையாகவே ஓடிக்கொண்டிருந்தன. வண்டிக்கும் வண்டிக்கும் இடையே உள்ள தூரத்தை வானொலி காத்துக்கொள்ளும், விபத்தே நேராது என்று பார்வையாளர்களுக்குச் சொல்லப்பட்டது. வெளியே வந்தவர்களின் சட்டையில் எதிர்காலத்தைப் பார்த்துவிட்டேன் என்ற பொருளுடைய வில்லை ஒன்று குத்தப்பட்டது. பொருளாதாரப் பெருமந்தத்தில் பத்து ஆண்டுகள் நொந்துபோயிருந்த மக்கள் அதை ஆசையோடு அணிந்துகொண்டார்கள்.

பெல் கெடெஸ் வெறும் அலங்காரக்காரர் அல்லர். மனிதர்களின் கவனம் சிதறும், களைப்பு வரும், கோபம் வரும். சாலையிலும் காரிலும் பொருத்தும் கருவிகள்தான் அவர்களைக் காக்க வேண்டும் என்று அடுத்த ஆண்டு ஒரு நூலே எழுதினார். நோய் இன்னதென்று அவர் சரியாகச் சொன்னார். 1960-க்குள் அது தீரும் என்று நம்பியதுதான் பிழை.

அந்தக் காலத்தில் பெரும் கண்காட்சி எதுவும் இல்லாமல், இந்தியானா மாநிலத்தின் ஹேகர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் ஒருவர் அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தார். ரால்ஃப் டீட்டர் ஐந்து வயதில் பட்டறைக் காயத்தால் பார்வையை இழந்தவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்துத் தேறினார். முதல் உலகப்போரின்போது கடற்படைக் கப்பல்களின் டர்பைன் சுழலிகளை விரலால் தொட்டே சமநிலைப்படுத்தினார். பிறகு பிஸ்டன் ரிங் தயாரிக்கும் நிறுவனத்துக்குத் தலைவரானார். அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கத்துக்கும் தலைவரானார். அவருடைய வழக்கறிஞர் கார் ஓட்டும்போது ஒரு பழக்கம் உண்டு. பேசினால் வேகம் குறையும், பிறர் பேசுவதைக் கேட்டால் கூடும். பக்கத்து இருக்கையில் அந்த வெட்டி வெட்டி இழுக்கும் பயணம் டீட்டரின் உடம்புக்குத் தெளிவாகத் தெரிந்தது. பார்க்க முடிந்தவர்கள் கவனிக்காமல் விட்ட குறை அது. வேகத்தை ஒரே அளவில் நிறுத்தும் கருவியை அவர் ஆண்டுக்கணக்கில் செதுக்கினார். 1950-இல் காப்புரிமை கிடைத்தது. 1958-இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் இம்பீரியல் கார்களில் அதைப் பொருத்தியது. இன்று 'குரூஸ் கண்ட்ரோல்' என்று எல்லாரும் அறிந்த கருவி இதுதான். ஓட்டுநரின் வேலையில் ஒரு துண்டைப் பிரித்து இயந்திரத்திடம் கொடுத்து, கடைக்கும் கொண்டுவந்து வெற்றி கண்ட முதல் மனிதர்களில் ஒருவர் கண் தெரியாதவர்.

1950-களின் பெரிய நிறுவனங்களோ வேறு வழியில் போயின. அது கம்பி வழி. சாலையின் நடுவே தாருக்கு அடியில் மின்கம்பி ஒன்றைப் புதைப்பார்கள். அதில் மாறுமின்னோட்டம் ஓடும். காரின் முன்புறம் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரு கம்பிச்சுருள்கள். கார் இடப்பக்கம் விலகினால் வலச்சுருளில் சைகை வலுக்கும். ஸ்டீரிங் அதற்கேற்பத் திரும்பும். தண்டவாளத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கியதுபோல.

இதன் பின்னால் இருந்த முக்கியமான மூளை ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் விளாதிமிர் ஸ்வோரிகின். தொலைக்காட்சிப் படக்கருவியின் தந்தைகளில் ஒருவர் என்று உலகம் போற்றும் அதே ஸ்வோரிகின்தான். இயந்திரத்துக்கு மின்கண் கொடுத்த மனிதர், காருக்கு என்று வந்தபோது கண்ணை நம்பாமல் கம்பியை நம்பினார் என்பது இந்த வரலாற்றின் வியப்பான இடம். ஆனால் அவரைக் குறை சொல்ல முடியாது. படத்தை எடுக்க அவருக்குத் தெரியும். எடுத்த படத்தில் எது சாலை, எது மரம், எது மனிதர் என்று பிரித்துச் சொல்ல அன்று எந்த இயந்திரமும் கிடையாது. பார்ப்பது வேறு, புரிந்துகொள்வது வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

1957-இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகருக்கு அருகே பொதுச்சாலையில் சுமார் 120 மீட்டர் நீளத்துக்குக் கம்பிகளையும் கண்டறியும் சுருள்களையும் பதித்துக் காட்டினார்கள். 1958 பிப்ரவரி 14 அன்று மிச்சிகனில் ஜெனரல் மோட்டார்ஸின் சோதனைச் சாலையில் ஒரு செவ்ரலே கார் ஒரு மைல் தூரம் கம்பியின் வழியே தானாகத் திரும்பித் திரும்பி ஓடியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு அதே நிறுவனம் 'ஃபயர்பேர்ட்-2' என்ற காட்சிக் காரோடு ஒரு படமும் எடுத்தது. நெரிசலில் மாட்டிக்கொண்ட குடும்பம் ஒன்று 1976-ஐக் கனவு காண்கிறது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஒரு குரல் வழிகாட்ட, அப்பா ஸ்டீரிங்கை விட்டுவிட்டுச் சாய்ந்து உட்காருகிறார். இங்கிலாந்திலும் சாலை ஆய்வுக்கூடம் ஒன்று சிட்ரோயன் காரைக் கம்பியின் மேல் மணிக்கு 130 கிலோமீட்டர் வரை ஓட்டியது. எல்லாம் வேலை செய்தன. கம்பி வழி தோற்றது தொழில்நுட்பத்தில் அல்ல.

பிறகு எதில் தோற்றது? காசிலும் கண்ணிலும். கம்பி பதிக்காத சாலையில் ஓடாத காரை யார் வாங்குவார்கள்? அந்தக் கார்களே இல்லாத நாட்டில் லட்சக்கணக்கான மைல் சாலையைத் தோண்டிக் கம்பி பதிக்க எந்த அரசு செலவழிக்கும்? விதை முந்தியா மரம் முந்தியா என்ற கணக்கு அது. அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. கம்பிக்குச் சாலை எங்கே போகிறது என்று தெரியும். சாலையின் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருவது தெரியாது. குதிரைக்கு அது தெரிந்திருந்தது.

இவ்வளவு தெரிந்த பிறகும் அந்த எண்ணம் எளிதில் சாகவில்லை. 1991-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தானியங்கி நெடுஞ்சாலையைக் காட்டுமாறு சட்டமே இயற்றியது. 1997-இல் சான் டியேகோ அருகே 12 கிலோமீட்டர் தடத்தில் ஆயிரக்கணக்கான காந்தங்களைப் புதைத்து எட்டு பியூக் கார்களை ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி மாறாமல் ஓட்டிக் காட்டினார்கள். பார்த்தவர்கள் கை தட்டினார்கள். அடுத்த ஆண்டே அரசு கையை விரித்துவிட்டது.

கண் வழி இதற்கிடையே நத்தை வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. நத்தை என்பது வெறும் பேச்சுக்காக அல்ல. 1979-இல் ஸ்டான்ஃபோர்டில் ஹான்ஸ் மொராவெக் என்ற ஆய்வாளர், தள்ளுவண்டி அளவுள்ள ஒரு சக்கர வண்டியை நாற்காலிகள் கிடந்த அறையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு யாரும் தொடாமல் போக வைத்தார். தூரம் சுமார் 20 மீட்டர். ஆன நேரம் ஐந்து மணி. ஒரு மீட்டர் நகரும். நின்று படம் எடுக்கும். பத்து, பதினைந்து நிமிடம் யோசிக்கும். மறுபடி ஒரு மீட்டர். வெளியே வெயிலில் விட்டபோது புதுச் சிக்கல் வந்தது. வண்டி யோசித்து முடிப்பதற்குள் சூரியன் நகர்ந்துவிட, நிழல்கள் இடம் மாறி வண்டியைக் குழப்பின. ஜப்பானில் 1977-இலேயே சுகுபா ஆய்வுக்கூடத்தினர் இரு படக்கருவிகளோடு ஒரு காரைக் கோடு போட்ட சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் அளவில் ஓட்டியிருந்தார்கள். ஆனால் உலகம் இன்னும் கவனிக்கத் தொடங்கவில்லை.

கண் வழியில் அந்த நாளில் மிகத் துணிந்து நடந்தவர் ஒரு ஜெர்மானியர். எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ் விண்கலங்களின் பாதையைக் கணக்கிட்டுப் பழகிய பொறியாளர். மியூனிக் அருகே ராணுவப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1980-களின் தொடக்கத்தில் ஒரு படத்தை ஆராயக் கணினிக்குப் பத்து நிமிடம்கூட ஆகும். சாலையில் ஓட வேண்டுமானால் நொடிக்குப் பத்துப் படமாவது பார்த்தாக வேண்டும். இந்த மலைக்கும் மடுவுக்கும் இடையே அவர் போட்ட பாலம் எளிமையானது, ஆழமானது. மனிதக் கண் முன்னால் இருப்பதை முழுவதும் பார்ப்பதில்லை. தேவையான இடத்துக்குத் தாவித் தாவிப் பார்க்கிறது. காரும் அப்படியே பார்க்கட்டும்; சாலையின் ஓரக்கோடு அடுத்த கணம் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணித்து, அந்தத் துணுக்கை மட்டும் சோதித்தால் போதும். ஒரு கணத்துப் படம் தனியாக நிற்பதில்லை, முந்திய கணத்தின் தொடர்ச்சி அது என்ற அறிவை அவர் வண்டிக்குள் வைத்தார். விண்வெளிப் பொறியாளருக்கு இது பழகிய சிந்தனை.

1987-இல் அவருடைய ஐந்து டன் மெர்சிடிஸ் வேன், இன்னும் திறக்கப்படாத ஆட்டோபான் நெடுஞ்சாலையில் மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தில் 20 கிலோமீட்டருக்கு மேல் தானாக ஓடியது. வேனின் வயிறு முழுக்கக் கணினிகள். அதே ஆண்டு ஐரோப்பிய நாடுகளும் கார் நிறுவனங்களும் சேர்ந்து 'புரொமிதியஸ்' என்ற பெருந்திட்டத்தைத் தொடங்கின. 1994 அக்டோபரில் பாரிஸ் விமான நிலையத்துக்கு அருகே, உண்மையான போக்குவரத்துக்கு நடுவே, இரு மெர்சிடிஸ் கார்கள் மணிக்கு 130 கிலோமீட்டர் வரை வேகமெடுத்துத் தடம் மாறி, முந்தி, மொத்தம் 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடின. அடுத்த ஆண்டு அதே வகைக் கார் ஒன்று மியூனிக்கிலிருந்து டென்மார்க்குக்குப் போய்த் திரும்பியது. 1,600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்தப் பயணத்தில் சுமார் 95 விழுக்காட்டை இயந்திரமே ஓட்டியது; சில இடங்களில் வேகம் மணிக்கு 175 கிலோமீட்டரைத் தொட்டது. பிறகு ஆர்வம் வற்றியது, பணமும் நின்றது. டிக்மன்ஸின் பெயரை இன்று கார் வாங்குபவர்களில் ஆயிரத்தில் ஒருவர்கூட அறிந்திருக்க மாட்டார். இது அநியாயம். இந்தத் துறையில் பின்னால் வந்த பலரும் அவர் வெட்டிய வாய்க்காலில்தான் நீர் பாய்ச்சினார்கள்.

அமெரிக்கக் கரையில் இதற்கு இணையான இடம் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம். அங்கே 1979-இல் தொடங்கிய ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் முதல் இயக்குநர் ராஜ் ரெட்டி. அன்றைய சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்றவர். பின்னாளில் கணினித் துறைக்கான டியூரிங் விருது பெற்றவர். அவர் வளர்த்த நிறுவனத்தில் 'நாவ்லாப்' என்ற பெயரில் வரிசையாக வண்டிகள் பிறந்தன.

அவற்றில் ஒன்றுக்கு டீன் பாமர்லோ என்ற இளம் ஆய்வாளர் நரம்பு வலைப்பின்னல் முறையில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். விதிகள் எதையும் எழுதித் தரவில்லை. மனிதர் சில நிமிடம் ஓட்டுவார். இயந்திரம் சாலையையும் அவர் கையையும் சேர்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். அருமையாக ஓடிய வண்டி ஒரு பாலத்தைக் கண்டதும் மட்டும் தடுமாறியது. காரணம் தேடியபோது உண்மை வெளிவந்தது. வண்டி கற்றுக்கொண்டிருந்தது சாலையை அல்ல, சாலை ஓரத்துப் புல்லை. பாலத்தில் புல் இல்லை. இன்றைய இயந்திரக் கற்றல் முறைகளின் பலமும் பலவீனமும் அந்தப் பாலத்திலேயே தெரிந்துவிட்டன. நாம் கற்றுக்கொடுத்ததாக நினைப்பதும் அது கற்றுக்கொண்டதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 1995-இல் பாமர்லோவும் டாட் ஜோக்கெமும் அதன் அடுத்த தலைமுறை வண்டியில் பிட்ஸ்பர்க்கிலிருந்து சான் டியேகோ வரை சுமார் 4,500 கிலோமீட்டர் போனார்கள். 98.2 விழுக்காடு தூரம் ஸ்டீரிங்கை இயந்திரம் பிடித்தது. பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் அவர்கள் காலடியில் இருந்தன. செலவுக்குக் கைகொடுக்கப் பயணப் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட்களை விற்றார்கள்.

98.2 என்பது பெரிய எண்ணாகத் தெரியும். மிச்சம் இருந்த 1.8 விழுக்காட்டைத் தாண்ட இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன.

பாலைவனப் பந்தயத்தின் கதை பலருக்கும் ஓரளவு தெரியும். ஆனாலும் முழுதாகச் சொல்லத் தக்கது. ராணுவத் தரைவண்டிகளில் மூன்றில் ஒரு பங்கு 2015-க்குள் ஆளில்லாமல் ஓட வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் இலக்கு வைத்தது. பாதுகாப்பு ஆய்வு அமைப்பான 'டார்ப்பா' அந்தப் பணத்தைப் பெரிய நிறுவனங்களிடம் ஒப்பந்தமாகத் தராமல், பந்தயம் என்று பொதுவில் அறிவித்தது. கலிபோர்னியாவின் பார்ஸ்டோவிலிருந்து நெவாடா எல்லையில் உள்ள பிரிம் வரை மொஹாவி பாலைவனத்தில் சுமார் 229 கிலோமீட்டர். முதல் பரிசு 10 லட்சம் டாலர். 2004 மார்ச் 13 அன்று காலை 15 வண்டிகள் தகுதி பெற்று நின்றன. கல்லூரி மாணவர்கள், கொட்டகையில் வண்டி கட்டிய பொழுதுபோக்குப் பொறியாளர்கள், ஏன், ஒரு தானோட்டி மோட்டார் சைக்கிள்கூட இருந்தது. அது புறப்பட்ட இடத்திலேயே சாய்ந்தது. ஒன்று சுவரில் முட்டியது, ஒன்று கம்பி வேலியில் சிக்கியது. மிகத் தூரம் போனது கார்னகி மெலனின் 'சாண்ட்ஸ்டார்ம்' என்ற ஹம்வீ வண்டி: 11.78 கிலோமீட்டர். கொண்டையூசி வளைவொன்றில் மேட்டின் மேல் ஏறித் தொங்கி, சக்கரம் சுழன்று சுழன்று டயர் புகைந்தது. பரிசை யாரும் வாங்கவில்லை.

நாளிதழ்களுக்கு அது நல்ல சிரிப்புச் செய்தி. பட்டறைகளில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. எந்தக் கருவி எந்தக் கல்லில் ஏமாந்தது என்று ஒவ்வொருவரும் பார்த்துவிட்டார்கள். ஒருவர் தோல்வி எல்லாருக்கும் பாடமாயிற்று. ஒப்பந்தமாக விட்டிருந்தால் அந்தத் தோல்விகள் கோப்புகளுக்குள் புதைந்திருக்கும். பரிசு இரட்டிப்பாக்கப்பட்டு 2005 அக்டோபர் 8 அன்று பந்தயம் மறுபடி நடந்தது. வந்த 23 வண்டிகளில் 22 வண்டிகள் முந்திய ஆண்டின் 11.78 கிலோமீட்டரைத் தாண்டின. ஐந்து வண்டிகள் 212 கிலோமீட்டரையும் முடித்தன. முதலில் வந்தது செபாஸ்டியன் த்ரூனின் ஸ்டான்ஃபோர்டு அணி உருவாக்கிய 'ஸ்டான்லி' என்ற ஃபோக்ஸ்வாகன்: 6 மணி 53 நிமிடம். அதன் கூரையில் இருந்த லேசர்கள் கிட்டத்து மண்ணை அளந்து பாதுகாப்பானது என்று சொல்லும். அந்த மண்ணின் நிறத்தைப் படக்கருவி கற்றுக்கொண்டு, லேசருக்கு எட்டாத தூரத்திலும் அதே நிறத்தைத் தேடிப் பாதை காணும். தொட்டுப் பார்ப்பவரும் எட்டிப் பார்ப்பவரும் கூட்டுச் சேர்ந்ததுபோல.

நான்காவதாக வந்தது லூசியானாவைச் சேர்ந்த ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் அணி. அவர்கள் ஊரைக் கத்ரீனா சூறாவளி சூறையாடிச் சில வாரங்களே ஆகியிருந்தன.

வெல்லும் என்று எல்லாரும் எதிர்பார்த்தது கார்னகி மெலனின் இன்னொரு வண்டியான 'ஹைலேண்டர்'. பந்தயத்தின் நடுவே அதன் இயந்திரம் காரணமில்லாமல் வலுவிழந்தது. மேடேற முடியாமல் திணறி மூன்றாவதாக வந்தது. வண்டியைப் பிரித்துப் பார்த்தும் காரணம் புலப்படவில்லை. 12 ஆண்டுகள் கழித்து, 2017-இல், அணியினர் மறுபடி கூடியபோது ஒருவர் தற்செயலாக இயந்திரத்தின் மின்னணுப் பகுதியில் ஒரு சிறு வடிகட்டியை அழுத்தினார். இயந்திரம் அடங்கிப்போனது. விட்டால் உயிர் வந்தது, அழுத்தினால் போனது. லேசரும் கணினியும் குற்றமில்லாமல் இருந்தன. ஒரு சின்னஞ்சிறு மின்பாகம் 20 லட்சம் டாலரை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டது.

இந்தப் பந்தயங்களின் பிள்ளையாகப் பிறந்ததுதான் இன்று ரோபோ டாக்சிகளின் தலையில் சுழலும் 'லைடார்'. டேவிட் ஹால் என்பவர் ஒலிபெருக்கி தயாரிக்கும் நிறுவனம் நடத்தியவர். முதல் பந்தயத்தில் வண்டி ஓட்டித் தோற்றார். தோற்றவர் ஊருக்குப் போய், 64 லேசர்கள் சுழன்று சுற்றிலும் உள்ள உலகை முப்பரிமாணத்தில் அளக்கும் கருவியைச் செய்தார். 2007-இல் கைவிடப்பட்ட விமானப்படைத் தளம் ஒன்றில், சாலைச் சந்திப்புகளும் எதிர்வண்டிகளும் உள்ள நகரச் சாலைபோல் அமைத்து மூன்றாம் பந்தயம் நடந்தது. முடித்த ஆறு வண்டிகளில் ஐந்தின் தலையில் ஹாலின் கருவி சுழன்றது. கார்னகி மெலனின் 'பாஸ்' வென்றது. குதிரைக்கு இருந்த கண்ணைவிட அகலமான கண் காருக்குக் கிடைத்துவிட்டது.

2009-இல் கூகிள் நிறுவனம் அந்தப் பந்தயக்காரர்களை அழைத்துக்கொண்டது. தலைமை த்ரூன், கார்னகி மெலனிலிருந்து கிறிஸ் அர்ம்சன். கலிபோர்னியாவில் தலா 100 மைல் கொண்ட பத்துக் கடினமான வழிகளை மனிதத் தலையீடே இல்லாமல் முடிப்பது முதல் இலக்கு. முடித்தார்கள். பிறகு நெடுஞ்சாலையில் மட்டும் தானாக ஓடும் காரைத் தங்கள் ஊழியர்கள் சிலரிடம் கொடுத்து, எந்த நேரமும் கவனமாக இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். காருக்குள் பொருத்திய படக்கருவி காட்டியது வேறு. கைபேசியைப் பார்த்தார்கள், முகப்பூச்சுப் போட்டார்கள். ஒருவர் வேகமாகப் போகும் காரில் தூங்கியே போனார். இயந்திரம் நன்றாக ஓட்ட ஓட்ட, மனிதர் மோசமான காவலர் ஆனார். பாதி வேலையை மட்டும் மனிதரிடம் விடும் கார் ஆபத்தானது என்று அந்த அணி முடிவு செய்தது. ஒன்று முழுதாக ஓட்டட்டும், இல்லையேல் மனிதரே ஓட்டட்டும்.

அந்த முடிவு எவ்வளவு சரியானது என்பதை 2018 மார்ச் 18 இரவு காட்டியது. அரிசோனாவின் டெம்பியில் ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த 49 வயதுப் பெண்ணை மோதிக் கொன்றது. போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கும். கார் அவரைப் பார்க்காமல் இல்லை; மோதுவதற்கு 5.6 நொடிகள் முன்பே கண்டுகொண்டது. ஆனால் முதலில் வாகனம் என்றது, பிறகு வேறேதோ என்றது, பிறகு சைக்கிள் என்றது. பெயர் மாறும்போதெல்லாம் அவர் அதுவரை நகர்ந்துவந்த வழியை மறந்து, புதிதாகக் கணக்குப் போட்டது. ஒரு கணத்தை முந்திய கணத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று டிக்மன்ஸ் முப்பது ஆண்டுகள் முன்பு சொன்ன பாடம் அங்கே கைவிடப்பட்டிருந்தது. குறுக்கு நடைபாதை இல்லாத இடத்தில் மனிதர் நடப்பார் என்ற எண்ணமே மென்பொருளில் இல்லை. காரோடு வந்த அவசர பிரேக் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. காவலுக்கு உட்கார்ந்திருந்தவரின் கண்கள் கைபேசியில் இருந்தன. தானாக ஓடும் காரால் சாலையில் நடந்தவர் இறந்தது அதுவே முதல் முறை. 2020 முடியும்முன் ஊபர் அந்தப் பிரிவையே விற்றுவிட்டது.

கூகிளின் குழு 'வேமோ' என்ற தனி நிறுவனமாகி, 2020 அக்டோபரில் ஃபீனிக்ஸ் புறநகரில் ஓட்டுநரே இல்லாத டாக்சியைப் பொதுமக்களுக்குத் திறந்தது. சான்பிரான்சிஸ்கோவில் 2023-இல் சிலர் எதிர்ப்பைக் காட்ட எளிய வழி கண்டார்கள். சாலையில் வைக்கும் ஆரஞ்சுக் கூம்பை எடுத்துக் காரின் முன்மூடியில் வைத்தால் போதும், கார் அசையாமல் நின்றுவிடும். யாரைக் கேட்டு எங்கள் தெருவில் சோதிக்கிறீர்கள் என்ற அவர்களது கேள்வி நியாயமானது. இன்னும் முழுதாகப் பதில் வராதது. அதே ஆண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸின் 'குரூஸ்' டாக்சி, வேறொரு கார் இடித்துத் தள்ளிய பெண்ணின் மேல் ஏறி, ஓரம் கட்டுவதாக நினைத்து அவரைச் சுமார் 6 மீட்டர் இழுத்துச் சென்றது. அவர் உயிர் பிழைத்தார். நிறுவனத்தின் அனுமதி பறிபோனது. 2024 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ரோபோ டாக்சித் திட்டத்தைக் கைவிட்டது. ஃபியூச்சராமாவில் வில்லை குத்தி அனுப்பிய நிறுவனம் 85 ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கனவிலிருந்து விலகிக்கொண்டது.

கனவு யாருடையது என்ற கேள்வி இந்த நூறாண்டில் அடிக்கடி மறைந்துபோகிறது. நெரிசலில் சலித்தவர்களின் கனவு என்று 1956-இன் படம் காட்டியது. ராணுவத்தின் தேவை என்று பாலைவனம் காட்டியது. முதலீட்டாளர்களின் கணக்கு என்று பிந்திய ஆண்டுகள் காட்டின. உண்மையில் இதற்கு முதல் உரிமை ஓட்ட முடியாதவர்களுக்கு இருக்கிறது: முதியவர்கள், வலிப்பு நோயாளிகள், பார்வை இல்லாதவர்கள். கடைக்கோ மருத்துவமனைக்கோ போக இன்னொருவர் நேரத்துக்குக் காத்திருப்பவர்கள் அவர்கள்.

2015 அக்டோபர் 20 அன்று டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் கூகிளின் சிறு உருண்டைக் கார் ஒன்று குடியிருப்புத் தெருக்களில் ஒரு பயணியை ஏற்றிச் சென்றது. வண்டிக்குள் ஸ்டீரிங் இல்லை, பிரேக் மிதி இல்லை, காவலுக்கு ஆளும் இல்லை. பொதுச்சாலையில் அப்படித் தனியாகப் பயணம் செய்த முதல் மனிதரான ஸ்டீவ் மாஹன், ரால்ஃப் டீட்டரைப்போலவே கண் தெரியாதவர்.